வண்டிக்கு அடியில் ஓர் அட்டை

என் இடது முழங்கால் மடங்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நடுவில் யாரும் உச்சுக்கொட்ட வேண்டியதில்லை. பதினெட்டு வயதில் ஒரு விபத்து. எலும்புகளைச் சேர்த்து, கம்பி வைத்து, காலை நேராக நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலோடுதான் பிசியோதெரபி படித்தேன். அந்தக் காலோடுதான் இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய் மற்றவர்களின் முழங்காலை மடக்கிக்கொண்டிருக்கிறேன். "உங்க காலே மடங்கல, என் காலை மடக்க வந்துட்டீங்களா?" என்று புதிதாக வரும் நோயாளி ஒவ்வொருவரும் கேட்பார். கேட்டவர் காலை அன்றைக்கு ஐந்து டிகிரி கூடுதலாக மடக்கிவிட்டுத்தான் வருவேன்.

இந்தக் காலை வைத்துக்கொண்டு க்ளட்ச் மிதிக்க முடியாது. பேருந்துப் படியில் ஏறுவதற்குள் கண்டக்டருக்குப் பொறுமை போய்விடும். அதனால்தான் ஆட்டோமேட்டிக் கார். பதினான்கு வருடங்களுக்கு முன்பு, இன்னொருவர் ஓட்டியதை வாங்கினேன். இப்போது மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெயிண்ட் வெளுத்துவிட்டது, பின் சீட்டில் உடற்பயிற்சி ரப்பர் வாசனை ஏறிவிட்டது. ஆனால் அது ஓடினால் நான் தினம் ஆறு வீட்டுக்குப் போவேன், நினைத்த நேரத்துக்கு வருவேன். அது நின்றால் யாராவது வந்து கூட்டிப் போக வேண்டிய ஆளாகிவிடுவேன். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

போன வருடக் கடைசியிலிருந்து வண்டி ஒரு மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தது. காலையில் கிளப்பி கியரை 'டி'யில் போட்டால் கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு குலுக்கல். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலப் போகும்.

என் தம்பி மெக்கானிக். சொந்தக் கடை; இரண்டு வண்டி நிற்கும். ஊரில் அவனுக்குப் பெயர் 'மில்லி'. எந்த வண்டியிலிருந்து எந்த எண்ணெயை இறக்கினாலும், குடிதண்ணீர் பாட்டில்களில் மார்க்கர் கோடு போட்டு, மில்லி கணக்கில் அளந்து, வரிசையாக நிறுத்தி, வண்டிக்காரருக்குக் காட்டுவான். எடுத்த அளவுதான் திரும்பப் போகும். ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது. கடைக்கு வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள், ஆனாலும் அவனிடம்தான் வருவார்கள்.

அவனிடம் குலுக்கலைப் பற்றிச் சொன்னேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"கியர் ஆயில் எப்ப மாத்துனக்கா?"

"நீ மாத்துனாதானேடா மாறும்?"

"நான் மாத்தவே இல்லையே. முன்னாடி வச்சிருந்தவரும் மாத்தியிருக்க மாட்டாரு."

எதிர்ப்பக்கம் டயர் கடைக்காரர் இருக்கிறார். அவர் கடையில் டயர் விற்கிறதோ இல்லையோ, எங்கள் பேச்சு அவர் காதுக்குத் தப்பாது. ஜாக்கிக் கம்பியைக் கையில் பிடித்தபடியே ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்.

"மில்லி, அதுல கை வைக்காத. இத்தனை கிலோமீட்டர் ஓடுன கியர்பாக்ஸ். உள்ள இருக்கற அழுக்குதான் அதைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு. புது ஆயில் ஊத்துனா அத்தனையும் கழுவிக்கிட்டுப் போயிடும். ஒரு வாரம் தாங்காது, படுத்துடும்."

"மெஷின் வச்சு மொத்தத்தையும் ஒரே நாள்ல கழுவுனாதான் அப்படி. நான் கியர்பாக்ஸ் அடித்தட்டைக் கழட்டி, வர்றதை மட்டும் இறக்கி, ஃபில்டர் மாத்தி, வந்த அளவு புதுசு ஊத்துவேன். மூணு வாரம் ஓடட்டும். திரும்ப ஒரு தடவை. மெதுவா மாறும்" என்றான் தம்பி.

"உங்க அக்கா வண்டி. உன் இஷ்டம். நான் சொல்லலன்னு சொல்லக் கூடாது."

தம்பி என்னைப் பார்த்தான். டயர் கடைக்காரர் சொல்வது நிஜமாகிவிட்டால் என் கதி என்ன? ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "மாத்துடா. அவர் சொன்னா சொல்லிட்டுப் போறாரு" என்றேன்.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் குடியிருப்பது ஒரு வீட்டின் கீழ்ப்பகுதி. மாடியில் வீட்டுக்கார அம்மா. வண்டி நிற்கும் இடத்துக்கு அவர் வெள்ளையில் டைல்ஸ் பதித்திருக்கிறார். ஐந்தாறு மாதமாக அதில் பழுப்புச் சிவப்பில் சொட்டு விழ ஆரம்பித்தது. முதலில் ஒன்று, பிறகு காலையில் பார்த்தால் நாலைந்து. வீட்டுக்கார அம்மா பால்கனியிலிருந்தே, "உங்க வண்டி என்ன, வெத்தலை போட்டுத் துப்புதா?" என்றார். நான் உடனே ஒரு பிரிட்ஜ் பெட்டியைக் கிழித்து, அட்டையாக விரித்து, வண்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். டைல்ஸும் சுத்தம், வீட்டுக்கார அம்மாவும் சமாதானம். தம்பியிடம் மூச்சு விடவில்லை.

காரணம் உண்டு. இரண்டு வருடம் முன்பு ரேடியேட்டர் மாற்றியபோது அவன் சொன்னான்: "அக்கா, இனி ஒரு பெரிய பிரச்சனை வந்தா இதைத் தூக்கிப் போட்டுடு. தினம் நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்." அவன் பாசத்தில்தான் சொன்னான். எனக்குத்தான் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அட்டையோடு விட்டேனா? வண்டியை அவனிடம் கொடுப்பதற்கு முதல் நாள், நேரே வாட்டர் வாஷ் கடைக்குப் போய், "அடிப்பக்கம் நல்லா அடிங்க" என்று நின்று பார்த்து, பளபளவென்று கழுவி எடுத்துக்கொண்டு போனேன். பல் டாக்டரிடம் போகும் அன்றைக்கு மட்டும் இரண்டு தடவை பல் தேய்க்கும் ஆட்கள் உண்டல்லவா, நான் அந்த ரகம். அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கொண்டுபோய் நிறுத்தினால் அவன் முகத்தைச் சுளிப்பான் என்று எனக்கு நானே ஒரு சாக்கு வேறு சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் வண்டியை ஜாக்கியில் ஏற்றினான். நான் ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டின் போல்ட்டுகளை ஒரு பக்கமாகத் தளர்த்தி, அது மெல்லச் சரிய, பழைய எண்ணெய் வாளியில் இறங்கியது. காப்பி டிக்காஷன் நிறம். புதுசு செர்ரிச் சிவப்பாக இருக்கும் என்று காட்டினான். தட்டுக்குள் ஒரு காந்தம். அதன் மேல் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான்.

"தூள்தான். சில்லு எதுவும் இல்ல. உன் கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்குக்கா."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவன் கையெல்லாம் எண்ணெய், அதனால் விட்டுவிட்டேன்.

பாட்டில்களில் ஊற்றி வரிசையாக நிறுத்தினான். இரண்டு லிட்டர் அறுநூறு மில்லி. புருவத்தைச் சுருக்கினான்.

"நாலு லிட்டர்கிட்ட வரணுமே. எங்கேயாவது வழியுதாக்கா வண்டி?"

"இல்லையே" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய பொய்யாகவே படவில்லை. பழையது வழிந்தால் என்ன, எப்படியும் புதுசுதானே ஊற்றப்போகிறான் என்று நினைத்தேன். நோயாளிகளிடம் 'வலி எங்கே' என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறவள் நான்.

குனிந்து ஒரு தடவை அடிப்பக்கம் பார்த்தான். வாட்டர் வாஷ்காரர் புண்ணியத்தில் அங்கே ஒரு கறை இல்லை. "சரி, மீதி உள்ளயே தங்கியிருக்கும் போல" என்றான். இந்த வண்டியில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. குச்சி போகும் குழாய் உண்டு, மேலே மூடி போட்டு அடைத்திருப்பார்கள். குச்சியைக் கம்பெனி சர்வீஸ் கடையில் மட்டும்தான் வைத்திருப்பார்கள். "குச்சி எதுக்கு, என் பாட்டில் இருக்கு" என்பான் தம்பி. புது ஃபில்டர் போட்டு, தட்டை மூடி, சிவப்பு எண்ணெயை அளந்து ஊற்றினான். இரண்டு லிட்டர் அறுநூறு மில்லி. ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் வண்டி சுமாராக ஓடியது. செவ்வாய்க்கிழமை பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இடுப்பு எலும்பு மாற்றி ஆறு வாரம். வீடு ஒரு மேட்டின் உச்சியில். பாதி மேடு ஏறியதும் எஞ்சின் கத்தியது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கத்தல்தான் கூடியதே தவிர வண்டி நகரவில்லை. பின்னால் வழுக்க ஆரம்பித்தது. பிரேக்கைப் பிடித்து, பிடித்து விட்டு, ஓரமாக இறக்கி நடைபாதைக் கல்லில் முட்டி நிறுத்தினேன்.

தம்பி வந்தான், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். கடை வாசலில் வைத்து அவனை ஒரு வழி பண்ணிவிட்டேன்.

"கொன்னுட்டியேடா! ஓடிக்கிட்டிருந்த வண்டிய கொன்னுட்டியே! நீயும் உன் பாட்டிலும்! எதிர் கடைக்காரர் சொன்னாரு, கேட்டியா? நான் இனிமே என்னடா பண்ணுவேன்?"

டயர் கடைக்காரர் இந்தத் தடவை ரோட்டைத் தாண்டி வரவில்லை. அங்கிருந்தே, "நான் அப்பவே..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தம்பி எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான்.

"என் தப்புதான்க்கா. சனிக்கிழமை கியர்பாக்ஸை இறக்கிப் பாக்கறேன். அதுவரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன்."

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் வண்டி என் வாசலில் நின்றது. இறங்கி வந்து கதவைத் திறந்தான். என் பையை வாங்கிக்கொண்டான். நான் ஏறுவதற்கு வசதியாக சீட்டை முன்பே பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காத்திருந்தான். அவன் வெளியே வெயிலில் நிற்கிறானே என்று எனக்கு உள்ளே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பது நிமிடம் கொடுக்க வேண்டியவர்களுக்கு இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தேன். "என்னம்மா, இன்னைக்கு அவசரமா?" என்று கேட்டார்கள். வழியில் எனக்கு வழக்கமாக நிறுத்தி இளைப்பாறும் ஒரு மரத்தடி உண்டு, அங்கே நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை.

அவன் நன்றாகத்தான் ஓட்டினான். பள்ளம் பார்த்து ஓட்டினான். அந்த நல்ல ஓட்டத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, இனி இப்படித்தானா என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அவன் மேல் கோபம் வேறு. கடையில் அவன் பாட்டில்களை எல்லாம் எடுத்து ஒரு சாக்கில் கட்டி மூலையில் போட்டுவிட்டதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை திரும்பவும் பேக்கரிக்காரர் வீடு. மனிதர் அன்றைக்கு ஊன்றுகோல் இல்லாமல் ஹாலில் ஒரு நடை நடந்து காட்டினார். அரசியல்வாதி மாதிரி கையசைப்பு வேறு. எனக்குச் சந்தேகம். அவர் மனைவியைப் பார்த்தேன். அந்த அம்மா கூரையைப் பார்த்தார்.

"வலி மாத்திரை போட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"எத்தனை நாளா?"

"நீங்க வர்ற நாள்ல மட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நான் உங்களுக்குப் பரிட்சையா வைக்கறேன், பாஸ் பண்ண? வலியை மறைச்சு வச்சா எனக்கு எப்படித் தெரியும்? நீங்க காட்டுறதை நம்பித்தானே நான் அடுத்ததைப் பண்றேன்! நான் பாட்டுக்கு எடையைக் கூட்டி, அது கழண்டு போச்சுன்னா, அப்புறம் ஊரெல்லாம் என்ன சொல்லுவீங்க? பிசியோ வந்து கெடுத்துட்டான்னு என்னைத்தானே..."

அங்கேயே நின்றுவிட்டேன்.

"திட்டுங்க டாக்டரம்மா, பரவாயில்ல" என்றார் பேக்கரிக்காரர் பாவமாக. "ஏன் நிறுத்திட்டீங்க?"

நான் அங்கிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. தம்பியிடம், "வீட்டுக்குப் போ" என்றேன். வண்டி நிற்கும் இடத்துக்குப் போய், கேட்டைப் பிடித்துக்கொண்டு குனிய முடிந்த மட்டும் குனிந்து, கைத்தடியால் அந்த அட்டையை இழுத்தேன். உள்ளங்கையை இரண்டு தடவை விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு பெரிய கறை. பழுப்புச் சிவப்பு. அதன் விளிம்பில் இன்னும் காயாமல் பளபளத்தது.

அட்டையை அவன் கையில் கொடுத்தேன்.

"வழியுதான்னு கேட்டல்ல. வழியுது. ஆறு மாசமா."

அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அடிப்பக்கத்தை நான்தான்டா கழுவிட்டுக் கொண்டு வந்தேன். உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

திட்டுவான் என்று காத்திருந்தேன். என் வயதுக்கு மரியாதை கொடுத்து மெதுவாகவாவது திட்டுவான் என்று நினைத்தேன். அவன் அட்டையை மூக்கருகே கொண்டுபோய் மோந்தான். விரலால் தொட்டான். பிறகு அவன் முகத்தில் நான்கு நாளாகக் காணாமல் போயிருந்த ஒன்று திரும்பி வந்தது.

"அப்ப கியர்பாக்ஸ் போகல. அதுக்குக் குடிக்க இல்ல. அவ்வளவுதான்! ஏறுக்கா வண்டியில!"

போகும் வழியில் பேக்கரிக்காரர் மாத்திரை போட்ட கதையை அவனிடம் சொன்னேன். கடையில் அந்த அட்டையை என் வண்டிக்கு அடியில் விரித்தான். அட்டை ஓரத்தில் முன் டயரின் அச்சு விழுந்திருந்தது. டயர் அச்சின் மேல் சரியாக உட்காரும்படி வண்டியைத் தள்ளி நிறுத்தினான். கறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அடிப்பக்கத்துத் தகட்டைக் கழற்றினால், ரேடியேட்டருக்குப் போகும் கியர் ஆயில் ஹோஸ், முனையில் மயிரிழை அளவு வெடித்துப் போயிருந்தது.

"குறையா இருந்ததை இறக்கி, அதே குறையை அளந்து ஊத்தியிருக்கேன்" என்றான். "ஃபில்டர் வேற ஒரு டம்ளர் குடிச்சிருக்கும். மிச்சம் வழிஞ்சிருக்கும். மில்லியாம் மில்லி!" தன் தலையிலேயே ஒரு தட்டு தட்டிக்கொண்டான்.

ஹோஸ் மாற்றியாயிற்று. இனி அளவு பார்க்கக் குச்சி வேண்டும். கம்பெனிக் கடையை அதற்குள் மூடிவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, தம்பி அவனாகவே ரோட்டைத் தாண்டி எதிர் கடைக்குப் போனான். டயர் கடைக்காரரிடம் இதே மாதிரி வண்டியைப் பிரித்துப் போட்டபோது கிடைத்த குச்சி ஒன்று இருந்தது. நான்கு வருடமாக அவர் அதில் முதுகு சொறிந்துகொண்டிருக்கிறார்.

"நல்லாக் கழுவிட்டு உள்ள விடு" என்றார் அவர். கூடவே வந்து நின்றும்கொண்டார்.

எஞ்சினைச் சூடாக்கி, ஓடவிட்டபடியே கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, 'பி'யில் நிறுத்திக் குச்சியை விட்டான். நுனியில்கூட நனையவில்லை. கால் லிட்டர் ஊற்றினான், பார்த்தான். இன்னொரு கால் லிட்டர். ஐந்தாவது தடவைதான் சிவப்பு கோட்டைத் தொட்டது. டயர் கடைக்காரர், "ஒண்ணேகால் லிட்டர் இல்லாம நாலு நாளா ஓடியிருக்கு. நல்ல வண்டி" என்றார். அழுக்கு பிடித்து நிறுத்துவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"ஏன்க்கா சொல்லல?" என்றான் தம்பி, கையைத் துடைத்தபடி.

"வண்டியத் தூக்கிப் போடச் சொல்லுவ. நீ கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுவ. அதான்."

"நான் ஓட்டுனது அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?"

"நல்லா ஓட்டுனடா. கதவெல்லாம் திறந்து விட்ட. அந்த மூணு நாளும் எனக்குச் செத்துடலாம் போல இருந்துச்சு." அதைச் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உன்னை அப்படிக் கத்துனேன் பாரு. அதுக்கு என்னை மன்னிச்சுடு."

வேலை முடிந்த வண்டியை முதலில் அவன்தான் ஓட்டிப் பார்ப்பான். அது கடையின் சட்டம், யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். சாவியை என் கையில் வைத்தான்.

"அந்த மேட்டுலயே ஏத்திப் பாரு. தனியாப் போ. மாத்திரை போட்டவரு பாவம், பாதியில விட்டுட்டு வந்துட்ட."

'டி'யில் போட்டதும் வண்டி யோசிக்கவில்லை. மேட்டில் வேண்டுமென்றே மெதுவாக ஏற்றினேன். எஞ்சின் கத்தவில்லை, ஏறியது. நான் செவ்வாய்க்கிழமை முட்டி நின்ற கல்லைத் தாண்டும்போது "அப்பாடா" என்று சத்தமாகவே சொன்னேன். பேக்கரிக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தி இறங்குவதற்குள் போன் அடித்தது.

"ஏறுச்சா?"

"ஏறுச்சுடா. சும்மா ஜம்முனு ஏறுச்சு."

"சரி. அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு, அடியில பாத்துச் சொல்லு."

ஏசியைப் போட்டபடியே ஓடவிட்டேன். பிறகு வண்டியைப் பிடித்துக்கொண்டு, நேராக நிற்கும் காலைப் பின்னால் நீட்டி, ரோட்டில் கையூன்றிப் படுக்காத குறையாகக் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. ஒன்றுமில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"என்னக்கா? இருக்கியா?"

"இருக்குடா" என்றேன். "சொட்டுது."

போனில் ஸ்பானர் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"தொட்டுப் பாரு. என்ன கலர்?"

தொட்டேன். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"கலரே இல்ல. ஜில்லுனு இருக்கு."

"அது ஏசி தண்ணிக்கா" என்றான். அவன் மூச்சு விடுவது கேட்டது. "உள்ள போய் வேலையப் பாரு."